சாவிக்காரரின் சாட்சிக் கையெழுத்து

என் வீட்டுக்காரருக்கு 'சாட்சி அண்ணன்' என்று பெயர். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மாற்றுச் சாவி வெட்டும் கடை வைத்திருந்தால் வேறென்ன பெயர் வரும்? வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்ய வந்த ஜோடியோ, வாடகை ஒப்பந்தம் எழுத வந்தவர்களோ, யாருக்குச் சாட்சி குறைந்தாலும் நேரே இவரிடம்தான் ஓடிவருவார்கள். இவரும் மெஷினை நிறுத்திவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி சாவியில் குனிந்துவிடுவார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். உங்க கையெழுத்து என்ன தெருக்குழாயா என்று நான் கத்தாத நாளில்லை. நல்ல மனிதர்தான். வாயில் ஈ புகுந்தால் அதன் மனம் கோணக்கூடாது என்று வாயை மூடாமல் இருக்கிற அளவுக்கு நல்ல மனிதர்.

அப்படிப்பட்டவருக்குத்தான் சம்மன் வந்தது.

எங்கள் தெரு லாண்டரிக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவரைக் குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளியது அவர் மகள். மகன்கள் இரண்டு பேரும் பண்டிகைக்கு வருகிற விருந்தாளிகள்போல எட்டிப் பார்த்ததோடு சரி. பெரியவர் வீட்டை மகளுக்கே உயில் எழுதினார். கீழே லாண்டரி, மேலே ஒரே ஓர் அறை. அவளுக்கும் அவள் பெண்ணுக்கும் அதை விட்டால் வேறு நிழல் கிடையாது. அவர் கண்ணை மூடியதும் அண்ணன்மார் உயில் பொய்யென்று வழக்குப் போட்டார்கள். உயிலுக்குச் சாட்சி இரண்டு பேர். அதை எழுதிக் கொடுத்தவர் ஒருவர், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் நம்ம ஆள்.

பெரியவர் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் போதும் என்றார் அவளுடைய வக்கீல். சிக்கலே அங்கேதான். ஏனென்றால் இவர் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பெரியவரால் வாடகைக் காரிலிருந்து இறங்க முடியவில்லை. மகள்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். இவர் முதலிலேயே தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு மெஷினை ஓட்டினார். பிறகு அவள் காருக்குப் போனாள். அடியில் வைத்து எழுத ஏதாவது வேண்டுமென்றதும், சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைக் கழற்றிக் கொடுத்தது நான். பெரியவர் அதைத் தொடையில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். பார்த்தவள் நான், கையெழுத்துப் போட்டவர் இவர். என்ன பொருத்தம் பாருங்கள்!

விசாரணை நாள் காலையில் அத்தனையையும் இவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். கார், மூடி, தொடை, நாக்கு. இவர் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கலையேம்மா."

"நடந்தது நிஜந்தானே? கட்டினவ கண்ணு உங்க கண்ணு இல்லையா?"

அவர் போட்ட பொத்தானை மறுபடி அவிழ்த்தார். நானே அதைச் சரியாகப் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணும் குழந்தையும் தெருவில் நிற்கிறதை நினைத்தால் எனக்குப் பாவமாவது புண்ணியமாவது.

கோர்ட்டில் லாண்டரிக்காரர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கூண்டில் ஏறிய இவர், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று ஆரம்பித்து, சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தார். அடேயப்பா, தேறிவிட்டார் என்று மூச்சு விட்டேன்.

அண்ணன்மாரின் வக்கீல் எழுந்தார். மிரட்டுவார் என்று பார்த்தால், மனுஷன் பாராட்ட ஆரம்பித்தார். இவர் வெட்டின சாவி எந்தப் பூட்டிலும் சிக்காதாமே, அப்படி என்ன வித்தை என்று கேட்டார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் இவருக்கு ஊர் உலகம் மறந்துவிடும்.

"மெஷின் ஓடும்போது அக்கம்பக்கம் பாப்பீங்களா?"

"பாக்கவே மாட்டேங்க. கண்ணை எடுத்தா விரல் போயிடும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அப்போ காருக்குள்ள நடந்ததை எப்படிப் பாத்தீங்க?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"பாக்கலைங்க. சாவியைத்தான் பாத்தேன்."

நான் எழுந்துவிட்டேன். நான் பார்த்தேன், மூடி கொடுத்ததே நான்தான் என்று கத்தினேன். நீதிபதி கோபப்படவில்லை. உயிலில் என் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உட்காரும்மா என்றார்.

வீடு அண்ணன்மார் பக்கம் போனது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளும் இந்த மனுஷனை நான் திட்டித் தீர்த்தேன். என் பாடத்தால் மட்டும் என்ன கிழித்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

வீட்டைக் காலி செய்கிற அன்று அவள் கடைக்கு வந்தாள். நானும் இருந்தேன். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தால், கைப்பையிலிருந்து வாசல் சாவியை எடுத்து நீட்டினாள்.

"இதுல இன்னொண்ணு வேணும்ணே. அண்ணனுங்க ஆளுக்கு ஒண்ணு கேக்கறாங்க."

இவர் சாவியை வாங்கி மெஷினில் மாட்டினார். ஓட்டினார். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒன்றை அன்று பார்த்தேன். மெஷின் ஓடும்போதே கண்ணைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

சத்தம் மாறியது. நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். விரல் போகவில்லை, நுனி கிழிந்திருந்தது, ரத்தம் நிற்காமல் வந்தது. எனக்கு முன்னால் அவள் தன் கைக்குட்டையை எடுத்து அவர் விரலில் இறுக்கிச் சுற்றினாள்.

"பாத்துச் செய்யக் கூடாதாண்ணே" என்றாள்.