கரையில் வீடு

மழை வலுத்தால் எங்கள் ப்ளாக்கில் எல்லாவற்றுக்கும் முன்னால் கீழே இறங்குவது அத்தையின் கதவுதான். முதல் மாடியில் என் வீட்டு வாசலுக்கு வெளியே அதைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். கால்வாயில் தண்ணீர் ஏறிக் கீழ்ப்படியைத் தொட்டதும் யாராவது இரண்டு பேர் மேலே வந்து, "அக்கா, கதவ எடுத்துக்கறோம்" என்பார்கள். கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். நான் வாய் திறப்பதற்குள் கதவு பாதிப் படி இறங்கியிருக்கும். கீழே ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, படிக்கட்டுக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தின் மேல் அதைப் பாலமாகப் போட்டுவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களும் பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்களும் அதன் மேல்தான் நடப்போம். நீலப் பெயின்ட் முக்கால்வாசி போய்விட்டது. கீல் இருந்த இடத்தில் துரு மட்டும் இருக்கிறது. ஒரு ஓரம் லேசாக வளைந்திருக்கும், ஏனென்றால் அது கதவாவதற்கு முன்னால் படகாக இருந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலைப் பார்த்தபடி இருந்த எங்கள் குப்பத்தில் அவள் வீடு முதல் வரிசை, எங்கள் வீடு அதற்குப் பின்னால். மாமா உடைந்துபோன தன் படகின் பலகைகளை இழைத்து அந்தக் கதவைச் செய்தார். செய்து முடித்துக் கொஞ்ச காலத்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அதன்பின் அத்தை தனி ஆள். விடியலில் கரைக்குப் போய் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து ராயபுரம் தெருக்களில் விற்பாள். அவள் குரல் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். வாய் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டாள். அதனால் குப்பத்தில் எந்தச் சண்டையானாலும் அத்தை வாசலுக்குத்தான் வரும். "கதவு தொறந்துதான் கீது, உள்ள வந்து கத்து" என்பாள்.

சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காகித நட்சத்திரம் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்ததால் நானும் அம்மாவும் அத்தையும் பிழைத்தோம். போகாதவர்கள் பலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்களைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது முதல் வரிசையே இல்லை. வீடு இருந்த இடத்தில் மணல்தான் மேவிக் கிடந்தது. அத்தை அப்போதும் அழவில்லை. சாயங்காலம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பி வேலியில் அவள் கதவு சிக்கி நிற்பதாக யாரோ வந்து சொன்னார்கள். ஓடிப்போய் அதைத் தொட்டாள். தொட்ட பிறகுதான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

முதல் வாரம் ஊரே எங்கள் மேல் அன்பைக் கொட்டியது. லாரி லாரியாக பிரெட், தண்ணீர், பழைய துணி. யார் யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் துணி மூட்டையைப் பிரித்தால் ஒற்றைக் கால் ஷூவும் பட்டன் போன ஸ்வெட்டரும் வந்தன. ஒரு மூட்டையில் கல்யாணக் கோட்டு ஒன்று இருந்தது. அத்தை அதைப் புடவை மேல் மாட்டிக்கொண்டு, "இத்தப் போட்டுகினு வவ்வா மீன் வித்தா வெலை ஏத்திக் கேக்கலாம்டீ" என்று நடந்து காட்டினாள். அந்தச் சாவு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அப்படிச் சிரிக்கவைத்தவள் மேல்தான் பிறகு ஊரே காறித் துப்பியது.

அரசாங்கத்தின் முகமாக எங்களுக்கு வந்தவர் ஒரு தாசில்தார். இளைஞர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மணலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடப்பார். அத்தையை முதல் நாளே "அக்கா" என்றார். அவள் உருகிப்போனாள். தம்பி, அதாவது என் அப்பா, சுனாமிக்கு முன்னாலேயே இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. கருங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி அவருக்கென்று நெத்திலி வறுப்பாள். அவரும் கூச்சப்படாமல் உட்கார்ந்து சாப்பிடுவார். மேலதிகாரி போனில் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "கரையிலதான் சார் இருக்கேன்" என்பார். எங்கள் வார்த்தை அவர் வாயில் வந்ததில் எங்களுக்கு ஒரு பெருமை.

இந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மற்றவர்களுக்கு ஆற்றங்கரை உண்டு, ஏரிக்கரை உண்டு. எங்களுக்குக் கரை ஒன்றுதான். கடற்கரை என்றுகூட நாங்கள் சொல்லமாட்டோம், அது சுண்டல் தின்ன வருகிறவர்களின் வார்த்தை. கரைக்குப் போனான் என்றால் தொழிலுக்குப் போனான் என்று அர்த்தம். கரையில சொல்லிட்டாங்க என்றால் ஊர் கூடி முடிவெடுத்துவிட்டது என்று அர்த்தம். கரை என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அடுத்த கேள்வி கிடையாது. அந்த ஒரு பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இனி வீடு கூடாது, பாதுகாப்பில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மிச்சமிருந்த சுவர்களை இடிக்க பொக்லைன் வந்தது. ஜனங்கள் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இடத்தைவிட்டு எழுந்து போனால் திரும்ப வர முடியாது என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும். போலீஸ் வேன் வந்து நின்றது. அப்போது தாசில்தார் அத்தையைத் தனியாக அழைத்துப் பேசினார். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். "அக்கா, உங்க எல்லாருக்கும் கரையிலேயே வீடு கட்டித் தரோம். கொஞ்ச நாள் ஷெட்டுல இருங்க. என்னை நம்புங்க, நான் உங்க தம்பி மாதிரி" என்றார். அத்தை அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவள் கவிழ்ந்து கிடந்த ஒரு படகின் மேல் ஏறி நின்று பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "தே பாரு, கரையிலயே வூடு தர்றாங்களாம். சாரு என் கையப் புட்ச்சி சொல்ட்டாரு. மாதா மேல ஆணையா நான் சொல்றேன், எய்ந்திரிங்க." முதலில் யாரும் அசையவில்லை. அத்தை இறங்கிவந்து தன் கதவைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தாள். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பொக்லைனுக்கு வழி விட்டது சர்க்கார் பேச்சுக்காக இல்லை, அத்தையின் பேச்சுக்காக.

ஷெட் என்பது தகரக் கொட்டகை. வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியாது, மழைக்காலத்தில் பேசினால் கேட்காது. தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகத்தில் எனக்குக் கல்யாணமாகி என் மகன் பிறந்து தவழ்ந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். தாசில்தார் வருவது மெல்லக் குறைந்தது. கேமராக்காரர்கள் வருஷத்துக்கொரு தடவை, நாங்கள் மெழுகுவத்தி ஏற்றும் நாளில் மட்டும் வந்தார்கள். யாராவது முணுமுணுத்தால் அத்தை சண்டைக்குப் போவாள். "கரைல வூடு கட்றதுன்னா சும்மாவா? அஸ்திவாரம் ஆயமா போட வாணாம்? சாரு வருவாரு" என்பாள்.

ஒருநாள் வந்தார். வீடு தயார் என்று லாரிகளோடு வந்தார். அத்தை பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கதவை லாரி மேல் கட்டச் சொன்னாள். வண்டி கடலைப் பார்த்துத் திரும்பும் என்று நாங்கள் நினைத்த இடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பியது. ரயில்வே கேட்டைத் தாண்டி, தொழிற்சாலைச் சுவர்களை ஒட்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடல் காற்று நின்று அமோனியா வாடை அடித்தது. கடைசியில் கறுத்த தண்ணீர் ஓடும் ஒரு கால்வாய் ஓரத்தில், மாடி மாடியாக நிற்கும் ப்ளாக்குகளுக்கு முன்னால் எங்களை இறக்கினார்கள். அத்தை நாலு பக்கமும் பார்த்தாள்.

"இன்னா நைனா, கடலு எங்க?"

தாசில்தார் கால்வாயைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "நான் கரைன்னுதானே சொன்னேன்? இதுவும் கரைதானேம்மா."

அக்கா போய் அம்மா வந்துவிட்டது. அந்த ஒரு சொல் மாற்றத்தில் அத்தையின் முகம் செத்ததை நான் பார்த்தேன். அவருக்கு அர்த்தம் தெரியாமல் போய்விட்டது என்று யாராவது இன்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன். போனில் மேலதிகாரியிடம் "கரையிலதான் இருக்கேன்" என்று சொன்ன வாய் அது. தெரிந்துதான் சொன்னார். நாங்கள் எப்படிக் கேட்போம் என்று தெரிந்துதான் அந்த வார்த்தையைப் பொறுக்கி எடுத்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். மேலிடத்து நெருக்கடி இருந்திருக்கலாம், அவரும் வேலைக்காரர்தான் என்று பெருந்தன்மையாக யோசிக்கவும் முயன்றிருக்கிறேன். நெத்திலி வாசனை நினைவுக்கு வரும், பெருந்தன்மை ஓடிவிடும்.

ஆனால் அவரைத் திட்ட எங்கள் ஜனங்களுக்கு அவர் கிடைக்கவில்லை. பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார். கிடைத்தவள் அத்தைதான். "கரைக்காரி" என்று பட்டப்பேர் வைத்தார்கள். அவள் வாசலில் மீன் செதிலைக் கொட்டினார்கள். "உன் தம்பி எம்மாங் குட்த்தாரு?" என்று ஒருவன் முகத்துக்கு நேராகக் கேட்டான். என் அம்மாவே அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அத்தை பதில் பேசவில்லை. அவ்வளவு பெரிய வாய் மூடிக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புது வீட்டில் ஏற்கெனவே இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். நீலக் கதவை மாட்ட இடமில்லை. அதை வராந்தாவில் சாய்த்து வைத்து, அதன் நிழலில் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் நானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவன் ஏமாத்துனது கூட பரவால்லடீ. என் வாயாலயே சொல்ல வச்சிட்டான் பாரு" என்றாள்.

சில வருஷம் கழித்து, பழைய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். அங்கே உயரமாகத் தகரத்தில் வேலி போட்டு, உள்ளே கன்டெய்னர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மனிதர்கள் வாழ ஆபத்தான இடம் பெட்டிகள் வாழ ஆபத்தில்லாமல் போயிருந்தது. வேலியில் ஒரு போர்டு. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அத்துமீறி உள்ளே நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று படித்துச் சொன்னேன். அத்தை ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். "இத்த அன்னிக்கே வச்சிருந்தா அலை வந்திருக்காது" என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்டது. கடலைப் பார்க்க முடியவில்லை.

அவள் இறந்தது மூன்றாவது மாடியில், தன் வீட்டில். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் பெட்டி திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களுக்கு நாங்கள் இங்கே சாகவும் செய்வோம் என்பது தோன்றவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "எம்மாங் குட்த்தாரு" என்று கேட்ட அதே ஆள்தான் வராந்தாவுக்குப் போய் நீலக் கதவைத் தூக்கிவந்தான். போர்வை விரித்து அத்தையை அதில் படுக்கவைத்துக் கட்டினார்கள். நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு படியாக, மாடி மாடியாக இறக்கினார்கள். வழியில் எல்லா வீட்டு வாசலிலும் ஜனங்கள் நின்றார்கள். என் அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, பேசாம இருந்துட்டனே" என்று கதறினாள். கல்லறையிலிருந்து திரும்பியதும் கதவைக் கழுவி என் வீட்டு வாசலில் வைத்தேன்.

இந்தத் தடவை புயல் மழையில் கால்வாய் தெருவுக்குள் வந்து இரண்டு நாள் நின்றது. கீழ்வீட்டுக்காரர்களெல்லாம் மாடியில் எங்களோடு இருந்தார்கள். அலைக்குப் பயந்து எங்களை அழைத்துவந்த பாதுகாப்பான இடம் இது. மூன்றாம் நாள் ஒரு அதிகாரி வந்தார், புதியவர், சின்ன வயசு. கையில் மெகாபோன். பாவம், பேன்ட் நனையாமல் வர இருந்த ஒரே வழி கதவுதான். அதன் நடுவில் ஷூவோடு நின்றுகொண்டு படியிலிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, நீங்கதான் எல்லார்கிட்டயும் எடுத்துச் சொல்லணும். இந்த ப்ளாக்க இடிச்சிட்டு வேற இடம் தரப் போறோம். நல்ல இடம்க்கா. ஏரிக் கரையோரம்."

பின்னால் படியெல்லாம் ஜனங்கள். எல்லோரும் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் நல்லவராகக்கூட இருக்கலாம். முதலில் வந்தவரும் அப்படித்தான் இருந்தார்.

"அதப் பத்தி அப்புறம் பேசலாம் சார்," என்றேன். "மொதல்ல அந்தக் கதவு மேலேந்து எறங்குங்க."

அவர் காலுக்குக் கீழே பார்த்தார். இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். படியில் நாங்கள் யாரும் வழி விடவில்லை; பின்னால் தெருப் பக்கத்து முனையிலும் எங்கள் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கினார்.