அண்ணனின் ஒரே விலைக் கடை

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் வந்திருக்கும் உறவினரையும் நண்பர்களையும் அவருடைய தங்கையாகிய நான் கைகூப்பி வரவேற்கிறேன். இந்த நினைவு மலரில் அழுதுகொண்டே எழுதினால் அண்ணனுக்குப் பிடிக்காது. அதனால் அவர் சிரித்த கதையையே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில். திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து வந்து ஜவுளி விற்ற எங்கள் பெற்றோர் இருவரும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். என்னை வளர்த்துப் படிக்க வைத்தவர் அண்ணன்தான். இருந்த துணியையெல்லாம் விற்றுவிட்டு அவர் ஆர்மோனியக் கடை போட்டபோது, புத்தி பேதலித்துவிட்டது என்று கடைவீதியே பேசியது. பண்டாரவளை வரை ரயிலிலும் பிறகு மாட்டுவண்டியிலும் வந்த முதல் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து அவரே வாசித்தார். சுருதி எங்கேயோ, அண்ணன் எங்கேயோ! ஆனாலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

சிக்கல், பெட்டிகளை அனுப்பிய கொழும்புக் கம்பெனியின் விதியில் இருந்தது. அவர்கள் அச்சிட்ட விலைக்கே விற்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அண்ணனுக்குக் கழிவாக ஒரு பங்கு உண்டு. அதில் ஒரு சதங்கூட வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. மீறினால் ஏஜென்சி போய்விடும். பேரம் பேசாமல் முருங்கைக்காய்கூட வாங்காத நம் ஜனங்களிடம் இதை எப்படிச் சொல்வது?

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியார் ஒருவர், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் காணிக்கையாக ஒரு பெட்டி வாங்க வந்தார். பொழுது சாயும் வரை பேசிப் பார்த்தார்.

"விலை கம்பெனியோடதுங்க. நான் கைவச்சா கடையே போயிரும்" என்றார் அண்ணன்.

கங்காணியார் முழு விலையையும் கொடுத்துத்தான் வாங்கிப் போனார். ஆனால் அதைத் தோட்டத்தில் சொன்னால் மானம் என்னாவது? "பாதி விலைக்கு அடிச்சுப் பேசிட்டேன்ல!" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லி வைத்தார்.

பிறகென்ன, மற்றத் தோட்டத்தாரும் பாதி விலைக்குக் கேட்டு வந்து கோபித்துக்கொண்டு போனார்கள். செய்தி கொழும்புக்கு எட்டி, கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்து இறங்கினார். அண்ணன் பில்லில் முழு விலை எழுதிவிட்டுக் கையில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருப்பாரோ என்பது அவர் சந்தேகம். கங்காணியாரையே கேட்டுவிடலாம் என்று எங்களையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார். அன்று அங்கே திருவிழா.

"நடந்தத நீங்களே சொல்லிருங்கண்ணே" என்று வழியில் கெஞ்சினேன்.

"அவரோட ஆளுங்க முன்னால அவரத் தலைகுனிய வைக்கச் சொல்றியா? கடை போனா வேற தொழில் பாத்துக்கலாம்மா" என்றார்.

அண்ணியும் இரண்டு குழந்தைகளும் நானும் அந்தக் கடையை நம்பித்தான் உலை வைத்தோம்.

கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னிலையில் மேற்பார்வையாளர் கேட்டார்: "இந்தப் பெட்டிய என்ன விலைக்கு வாங்குனீங்க?"

கங்காணியார் திருதிருவென விழித்தார். அண்ணன் அம்மனைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் கங்காணியார் உரக்கச் சொன்னார்: "முழு விலைதாங்க! ஒரு சதம் குறைக்கல அந்த மனுசன்!"

"அப்ப ஊரெல்லாம் நான் பீத்திக்கிட்டது பொய்யா?" என்று அவர் மனைவி தலையிலடித்துக்கொண்டார்.

கோயிலே சிரித்தது. மேற்பார்வையாளரும் சிரித்துவிட்டார். அண்ணன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கடை தப்பியது. பேரம் பேச வழியில்லை என்று தெரிந்தபின் தோட்டத்தார் நிம்மதியாகவே வந்து வாங்கினார்கள்.

சென்ற ஆண்டு அண்ணன் நெஞ்சுச் சளியால் படுத்தபோது கடையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடை முஸ்லிம் நானாவுக்கும், வந்து வந்து பார்த்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் நன்றி உரியது. எல்லோருக்கும் மேலாகக் கங்காணியாருக்கு. அன்று அவர் சொன்ன சொல்லில்தான் எங்கள் குடும்பம் நிமிர்ந்தது.

இதை அச்சிடுவதை அண்ணன் விரும்பியிருக்க மாட்டார், கங்காணியார் மனம் நோகும் என்பார். எனவே நேரில் போய் அவரிடமே கேட்டேன். "போடுங்கம்மா. முழு விலைன்னே போடுங்க" என்றார்.