உள்ளங்கையில் சீனி

“வியாழன். மாலை 5.40. அவள் சீனியை டம்ளரில் போடவில்லை. ஏன்?”

கல்லூரி முதலாண்டில் நான் எழுதிவந்த நாட்குறிப்பில், ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது. ‘அவள்’ என்று குறித்திருப்பது என் அறைத்தோழியை. அம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு வீட்டின் மாடி அறையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். ஆவடிப் பக்கம் இருந்த கல்லூரிக்கு மின்சார ரயிலில் போய்வந்தோம். நான் தென்காசிக்காரி. அவள் கூடலூருக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். அவளுடைய அம்மா அங்கே கொழுந்து பறிப்பவர்.

எதற்கும் கிழமையும் மணியும் போட்டுக் குறித்துவைப்பது எனக்குப் பள்ளிநாள் முதலே பழக்கம். முதல் மழை, மின்வெட்டு, படித்து முடித்த புத்தகம் என்று எதையும் விடமாட்டேன். அந்த மாதத்துக் குறிப்புகள் மட்டும் வேறு மாதிரி இருக்கின்றன. “டீ 5.30. முடிந்தது 5.34.” “அம்மாவுடன் போன். அழுதேன். 11 நிமிடம்.” வகுப்பில் ஆங்கிலம் ஓடிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அறைக்குத் திரும்பினால் ஊர் ஞாபகம். “மாசக் கடைசி ஞாயித்துக்கிழம வரைக்கும் பாரு. அப்பவும் முடியலன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்” என்று அப்பா சொல்லியிருந்தார். இருந்து படிப்பதா, விட்டுவிட்டுப் போவதா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவாகிவிடும். போவது என்று நான் மனத்துக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை நாட்குறிப்பு நோட்டும் கையுமாக மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனபோதுதான் அவளைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். வலது கையில் டம்ளர், பால் விடாத செந்நிறத் தேநீர். இடது உள்ளங்கையைக் குழித்து அதில் சீனி வைத்திருந்தாள். நாக்கு நுனியால் சீனியைத் தொட்டுக்கொண்டு ஒரு வாய் தேநீர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். எனக்குப் பின்னாலேயே ஏறிவந்த வீட்டுக்கார அம்மாவும் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது, துன்னூறு மாதிரி சக்கரைய கையில வச்சிகினு கீற? டம்ளர்ல போட்டா கரையாதா?”

“கரைஞ்சிரும் ஆன்ட்டி. அதனாலதான் போடல.”

“நல்லா சொன்ன போ! பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் கஷாயத்துக்கு மாடியேறி ஒளிஞ்சிகினு வேற குடிக்கணுமா?”

அவர் சிரித்தபடி இறங்கிப் போனதும், ஏன் ஒளிந்து குடிக்கிறாய் என்று நானும் கேட்டேன். “கீழ எல்லாரும் பால் டீ குடிக்கிறீங்க. இதப் பாத்தா பாலுக்கு வழியில்லாதவன்னு நெனப்பீங்க. எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் தேத்தண்ணி இப்படித்தான்” என்றாள். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, “உனக்கும் நாளைக்குப் போட்டுத் தாரேன். ஆனா எழுதிக்கிட்டே குடிக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். மறுநாள் கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தன் அம்மா கொடுத்தனுப்பிய தேயிலைத் தூளைப் போட்டு இறக்கினாள். குழாயில் வந்தது உப்புத் தண்ணீர். அதில் போட்டால் தேநீர் வாயில் வைக்க முடியாது. ஒரு கையில் சூடான டம்ளர், மறு கையில் சீனி. பையிலிருந்த போன் அடித்தது; எடுக்கக் கையில்லை. மணி பார்க்கக் கையைத் திருப்பினால் சீனி கொட்டிவிடும். மூன்றாவது வாய்க்குள்ளேயே சீனி முழுவதையும் நக்கித் தீர்த்துவிட்டு, மிச்சத் தேநீரைக் கசக்கக் கசக்கக் குடித்தேன். “பறக்காவெட்டி!” என்று சிரித்தாள்.

இரண்டொரு நாளில் அளவு பிடிபட்டது. முதலில் துவர்ப்பு, அதன் பின்னால் நாக்கின் அடியில் மெதுவாக வரும் ஓர் இனிப்பு. அது சீனியினுடையது அல்ல, தேயிலையினுடையது என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று நாளாயிற்று. கைகள் இரண்டும் அடைபட்டிருந்ததால் கண்ணுக்கும் காதுக்கும்தான் வேலை. எதிர்த் தெரு லேத் பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் எப்போது மாறுகிறது, நிலையத்தில் நிற்கப்போகும் ரயிலின் சத்தத்துக்கும் நிற்காமல் போவதன் சத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கேட்கத் தொடங்கினேன். அந்த வாரப் பக்கங்களில் “டீ” என்று மட்டும் இருக்கிறது. முடிந்த நேரம் இல்லை.

அடுத்த வாரம், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அப்பா பெரிய காலிப் பையோடு வந்தார். என் துணிமணிகள் கட்டிலில் மடித்து அடுக்கியிருந்தன. மூன்று மணிவாக்கில், “எல்லாம் எடுத்து வச்சிட்டியாம்மா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அறைத்தோழி, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்ப்பா” என்று எங்களை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனாள். கையை நீட்டச் சொல்லிச் சீனி வைத்தாள். அப்பா அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

“அய்யோ அப்பா, அது பிரசாதம் இல்ல!”

“பின்ன, கையில தந்தா வேற என்ன செய்ய?”

இன்னொரு கரண்டி வைத்தாள். அப்பா மிகுந்த பக்தியோடு நக்கி நக்கிக் குடித்தார். அவர் சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்தது. “இப்ப வர்றது நிக்காதுப்பா” என்றேன். ரயில் நிற்காமல் போனது. அப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஏதோ பேசினோம். மாலையில் அந்தப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா தனியாக ஊருக்குப் புறப்பட்டார். நான் நான்கு வருடமும் இங்கேயே படித்தேன். இப்போது வேலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான்.

நான் இங்கேயே இருப்பது என்று முதலில் சொன்னது யார்? “நீதான, ‘தீவாளிக்கு வாரேன், இப்ப நீங்க மட்டும் போங்கப்பா’ன்ன” என்கிறார் அப்பா. கோயம்புத்தூரில் இருக்கும் அறைத்தோழியைப் போன வாரம் போனில் கேட்டேன். “இல்லடி, உங்கப்பாதான் ‘தீவாளிக்கு வந்தாப் போதும்லா?’ன்னு கேட்டாரு. நீ தலைய மட்டும் ஆட்டின” என்றாள். எனக்கு நினைவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இரண்டு வரிகள்தான் இருக்கின்றன: “காலை 7.10. அப்பா வந்தார்.” “மாலை 5.50. அப்பாவை ரயிலேற்றினேன்.” இடையில் ஒன்றும் எழுதவில்லை; அந்த நேரத்தில் மூன்று பேருக்கும் இரண்டு கைகளும் நிறைந்திருந்தன. இருவர் சொல்வதில் எது சரி என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.