பின் சீட்டு இல்லாத கார்

"தம்பி, சாப்பிட்டாச்சா?" என்று டீக்கடையில் தொங்கும் வாழைத்தாரைப் பார்த்துக் கேட்கிறார் அமாவாசை. கேள்வி எனக்குத்தான். நான் அவருக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில், தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். வாழைத்தாரின் சார்பில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

யாரோடு பேசினாலும் அவர் மூக்குக்கு நேரேதான் பார்ப்பார். கழுத்து திரும்பாது. போலீஸ்காரரானாலும், பொண்ணு கேட்டு வந்த சம்பந்திகளானாலும் அப்படித்தான். அவர் மனைவி கருத்தம்மாள் ஒருநாள் என்னிடம் முறையிட்டார். "பத்தொம்பது வருசமா இவரு சொவத்தோடதான்யா குடும்பம் நடத்துறாரு. நான் சும்மா ஊடால நிக்கிறேன்."

இது பிறவிக் குணமில்லை, தொழில் தந்தது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் தங்கபாண்டியனின் பெரிய கறுப்புக் காரைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவர் அமாவாசை. முதலாளி பின் சீட்டில். இவர் முன் சீட்டில். நடுவே ஒரு சின்னக் கண்ணாடி. காலையில் ஏறியதும் அதைப் பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டி, துண்டு நுனியால் துடைத்து, முதலாளியின் முகம் நெற்றி முதல் மோவாய் வரை அதில் முழுசாக விழுந்த பிறகுதான் சாவியைத் தொடுவார். பின்னால் லாரி வருகிறதா என்பதெல்லாம் அப்புறம். "வர்றவன் ஹாரன் அடிப்பான்ல. மொதலாளி ஹாரன் அடிப்பாரா?" என்பார்.

அந்த முகத்தை அவர் படித்த மாதிரி நான் பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தையும் படித்ததில்லை. "மேலொதடு மடிஞ்சா மண்டிக்கு. கண்ணு சொருகுனா வீட்டுக்கு. மீசையத் தடவுனா மதுரைக்கு. நாம ஏன் கேட்டுக்கிட்டுக் கெடக்கணும்?" தங்கபாண்டியன் வாய் திறந்து "நிறுத்து" என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. நல்ல விலை கிடைத்ததா என்று தெரிய வேண்டுமா? மண்டியில் பாதிப் பேர் அமாவாசை ஹாரன் அடிக்கும் தினுசை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

விலையை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் மண்டியில் இல்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேசுவார்கள். முழுக் கையையும் சேர்த்து இறுக்கிவிட்டால் பேரம் படிந்தது என்று அர்த்தம். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு மட்டும்தான் அந்தத் துண்டை நீட்டுவார். டைப் அடிக்கும் எனக்கோ, கார் ஓட்டும் அமாவாசைக்கோ அதற்குள் என்ன சோலி? எட்ட நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து குறுக்கே விழுந்தார். மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். தாயகத்துக்குத் திரும்புவதற்கு முந்தின வருஷம், தேனி ரோட்டில், தவளை மாதிரி தரையோடு தரையாக இருந்த ஒரு சிவப்புக் காரை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு எங்கள் முதலாளியை முந்திப் போனார். போனவர் சும்மா போகாமல் கையை வேறு ஆட்டினார். எழும்பிய புழுதி முழுவதும் தங்கபாண்டியனின் சலவைச் சட்டையில். "அதே வண்டி எனக்கும் வரணும். நானே ஓட்டணும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஊரெல்லாம் சொன்னார். அதுதான் வினை.

சீமைக் காரைத் தருவிப்பது கடையில் போய் அரைப்படி உளுந்து வாங்குகிற காரியமா? லைசென்ஸ் வேண்டும், சர்க்கார் அனுமதி வேண்டும், மூன்று படிவத்தில் விண்ணப்பம் வேண்டும். அவற்றைத் தட்டிய பாவி நான். 'எதற்காக?' என்று ஒரு கட்டம் இருந்தது. "மண்டிச் சோலிக்குன்னு போடவா?" என்று கேட்டேன். "அதுல ஒரு மூடைய வச்சா நான் எங்கய்யா உக்கார்றது? சொந்த உபயோகம்னு போடு" என்றார். 'ஓட்டப் போவது யார்?' என்று இன்னொரு கட்டம். "நானேதான்னு போடு. அழுத்திப் போடு." அழுத்தித் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் டிபன் காரியரோடு வாசலில் அமாவாசை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அன்று டீக்கடையில் வாழைத்தாரிடம் கணக்குப் போட்டார். "ரெண்டே சீட்டாம்ல தம்பி. ஒண்ணு மொதலாளிக்கு. இன்னொண்ணு மொதலாளியம்மாவுக்கு. பின்னாடி ஒண்ணுமே கெடையாதாம். அப்ப நான் எங்கிட்டு? டிக்கியில மடிச்சு வைப்பாகளோ?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எஸ்டேட் ஜீப்புகளுக்கெல்லாம் இளந்தாரிகள் வந்துவிட்டார்கள். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு மலையேற இவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. புதுக் கார் வந்ததும் கறுப்புக் காரை விற்றுவிடுவார்கள், அது போனால் இவருக்கு வேறு போக்கில்லை. இந்த மனுசன் சோற்றில் மண்ணைப் போட்டது என் டைப் மிஷின்தான்.

"வாயத் தொறந்து அவருகிட்டக் கேட்டுரலாம்ல?" என்றார் கருத்தம்மாள். எப்படிக் கேட்பார்? பத்தொன்பது வருஷமாக அந்த முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்தவர், நேரே நின்று என்ன பேசுவார்? தபால்காரர் வரும்போதெல்லாம் அமாவாசை என்னிடம் "லைசென்சு வந்துருச்சா?" என்பார். "இன்னும் இல்லண்ணே" என்பேன். ஏறியிருந்த அவர் தோள் நிம்மதியில் இறங்கும். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் லைசென்ஸ் வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் கொச்சித் துறைமுகத்தில் கார் இறங்கும் என்று கடிதமும் வந்துவிட்டது.

அந்த ஆறு மாதமும், விடிகாலையில் முதலாளிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை, இதே அமாவாசைதான். ஏனோதானோவென்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? நானே ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். வாழைத்தாரை முறைத்தார். "தப்பாச் சொல்லிக் குடுத்தா வண்டி மட்டுமா தம்பி சாகும்? கூடவே மொதலாளியும்" என்றார். கிளட்சு, கியர், வளைவில் ஹாரன், இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில் வண்டியை இறக்குவது என்று ஒன்றையும் ஒளிக்கவில்லை.

ஆனால் முதலாளிக்கு ஒரு நோய். ஏலக்காய் வாசம் அடித்தால் போதும், கழுத்து திரும்பிவிடும். ஸ்டேஷன் ரோட்டில் மூட்டை வண்டி ஒன்று போனால், அது பச்சைக் காயா, வெளிறின காயா, சரியாக உலர்ந்ததா என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கண் ரோட்டுக்கு வரும். அதற்குள் கார் யாராவது வீட்டுக் குப்பைமேட்டில் ஏறியிருக்கும். இவர் கழுத்து திரும்பவே திரும்பாது. அவர் கழுத்து நேரே நிற்கவே நிற்காது. நல்ல ஜோடி!

மாசி மாதம் இரண்டு பேரும் பஸ்சில் கொச்சிக்குப் போனார்கள். முதலாளியம்மாள் ராஜாத்தி, காரின் படத்தைப் பார்த்ததுமே, "அந்தத் தொட்டிலுக்குள்ள நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டதால் இன்னொரு சீட்டு காலியாக இருந்தது. கார் மரப்பெட்டிக்குள் வைக்கோல் திணித்து வந்திருந்தது. அந்தப் பெட்டிப் பலகையில் நாலை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஊருக்கு வரும் ஒரு லாரியில் போடச் சொல்லிவிட்டு வந்தார் அமாவாசை. இன்றைக்கும் அவர் வீட்டுக் கோழிக்கூட்டின் நெற்றியில் இங்கிலீஷ் கொட்டை எழுத்தில் 'கொச்சின்' என்றிருக்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சிவப்புக் கார் ஊருக்குள் வந்தது. கடைத்தெருவே வெளியே வந்து நின்றது. நானும் நின்றேன். பார்த்தால், ஓட்டுவது அமாவாசை! முதலாளி இடது பக்கம். இருவரும் தோளோடு தோள். முதலாளி மேல் பட்டுவிடக் கூடாதென்று இவர் ஒதுங்கி ஒதுங்கிப் பாதி உடம்பு காருக்கு வெளியே இருந்தது. "என்னப்பா, மொதலாளியும் டிரைவரும் சோடி போட்டு வர்றாக!" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. தங்கபாண்டியன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் விஷயத்தைக் கறந்தேன். வாழைத்தாரிடம் சொன்னார்:

"குமுளி எறக்கம். மொதலாளிதான் ஓட்டுறாரு. நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். உக்காந்தா தரையில சம்மணம் போட்ட மாதிரி இருக்கு அந்த வண்டி. ஒரு வளைவுல ஏலக்கா மூடையோட தலச்சுமக்காரங்க முன்னால எறங்கிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தன் மூடை கிழிஞ்சு காயி ரோட்டுல செதறிக் கெடக்கு. 'அடடா, என்னா முத்துன காயி!'ன்னாரு. அம்புட்டுத்தான். ரெண்டு கையும் வெளிய போயிருச்சு, அள்ளப் போறவரு கணக்கா! வண்டி பள்ளத்தப் பாத்துப் போகுது. நான் கை பிரேக்க இழுத்து, ஸ்டேரிங்க மலப்பக்கமா ஒரே தள்ளு. முன்சக்கரம் ஓடைக்குள்ள எறங்கி நின்னுருச்சு. லைட்டு ஒடையல. பெயிண்டு போகல. சொமக்காரங்களே நாலு பேரு தூக்கி விட்டுட்டாங்க."

"முதலாளி?"

"கல்லுல உக்காந்து தண்ணி குடிச்சாரு. சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணியும் வருது. அப்பறமா எடப்பக்கம் போயி உக்காந்து, 'இன்னைக்கு நீயே ஓட்டு'ன்னாரு."

"அப்புறம் என்னண்ணே? நல்லதாப் போச்சு!"

"இன்னைக்குன்னுதான தம்பி சொன்னாரு. நாளைக்கின்னு சொல்லலையே" என்றார். டீ ஆறிப்போயிருந்தது. "தேவாரத்துலருந்து கண்ணுச்சாமி பழைய வண்டிய எடுக்க வர்றாராம். நான் போயித் தொடச்சு வைக்கிறேன்."

பக்கத்து ஊரான தேவாரத்தில் கண்ணுச்சாமி பெரிய சம்சாரி, நிலபுலம் நிறைய. புதுக் கார் வந்ததும் கறுப்புக் கார் அவருக்கு என்று எப்போதோ பேச்சு முடிந்திருந்தது. தோட்டத்தில் யானை இறங்கினால் விரட்ட அந்த ஹாரன் ஒன்றே போதும் என்பது அவர் கட்சி. வந்தார், காரைச் சுற்றிப் பார்த்தார், மண்டி வாசலில் பத்துப் பேர் நடுவே நின்று கேட்டார். "புது வண்டிய நீங்களே ஓட்டப் போறதா ஊரே சொல்லுது. இந்த வண்டிக்கு இவர விட்டா ஆளு தோதுப்படாது. வண்டியோட இவரையும் எங்கூட அனுப்பிருங்க. நல்லபடியா வச்சுக்கிறேன்."

அமாவாசை கறுப்புக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே குனிந்து அந்தச் சின்னக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். எனக்கு டைப் மிஷினில் விரல் ஓடவில்லை.

தங்கபாண்டியன் மீசையைத் தடவினார். பிறகு கையை எடுத்துவிட்டார். "ஓட்டணும்னுதான் ஆசப்பட்டேன், கண்ணுச்சாமி. எனக்கு அது வரல" என்றார். பத்துப் பேர் முன்னால் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. "ஆறு மாசமா, விடியப் போகுதுன்னாலே போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் படுப்பேன். ஊரெல்லாம் சொல்லித் தொலச்சாச்சு, எப்படி விடுறது? நேத்து எறக்கத்துல இவன் இல்லேன்னா இந்நேரம் இங்க பாய விரிச்சுல்ல உக்காந்திருப்பீக! போதும்டா சாமி. அந்தச் சோலியே வேண்டாம். சொல்லிட்டேன்ல, இப்பத்தான்யா எனக்கு மூச்சே வருது."

"அப்பாடா!" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். யாரும் கோபிக்கவில்லை. முதலாளியே சிரித்தார், இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் இல்லை.

"அப்ப ஆளு?" என்று கண்ணுச்சாமி விடாமல் கேட்டார்.

"அத அவங்கிட்டல்ல கேக்கணும்."

தங்கபாண்டியன் படியிறங்கிக் காரருகே போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். வலது கையின் மேல் விரித்துப் போட்டு, மண்டியில் பெரிய வியாபாரிக்கு நீட்டுவது போலவே அமாவாசையிடம் நீட்டினார். வாசலில் நின்ற பத்துப் பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

அமாவாசை காரிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்தார். பார்வை வழக்கம்போல மூக்குக்கு நேரேதான், எதிர்ச் சுவரில். உள்ளங்கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். துண்டுக்குள் கையை விட்டார். துண்டு ஒரு தரம் அசைந்தது. மறுபடி அசைந்தது. எந்த விரல், எத்தனை விரல், யாருக்குத் தெரியும்? பிறகு துண்டு இறுகி, அப்படியே நின்றது.

அமாவாசை கழுத்தைத் திருப்பி முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.