மதினி கைக்கு ஒரு கத்தி

மதினிக்கு வலது மணிக்கட்டு மடங்காது. மழை நாளில் மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து எலும்பு உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு மட்டும் பழையபடி வளைய மறுத்துவிட்டது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. செம்பூரில் வீட்டிலிருந்தே விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். எங்கள் சபையில் ஞானஸ்நானமோ திடப்படுத்தலோ எதுவானாலும் பிரியாணி அவர் கையால்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சும்மா உட்காரத் தெரியாதவர், என் மனைவியிடமிருந்து வெங்காயத்தையும் கத்தியையும் வாங்கிக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். மணிக்கட்டு வளையாததால் முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வெட்டினார். பாதி வெங்காயத்திலேயே நெற்றி வேர்த்துவிட்டது.

"இனிமே பார்ட்டி ஆர்டரு வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன் தம்பி" என்றார்.

"வெட்டுறதுக்கு ஆள் வச்சுக்கிடுங்களேன்" என்றாள் மனைவி.

"வச்சுப் பாத்தாச்சு. ஆளுக்கொரு சைசுல வெட்டுதாவ. அடியில பாதி கருகுது, மேல பாதி பச்சையா நிக்கி."

"அரிவாள்மனை?"

"தரையில உக்காந்தா எந்திரிக்க முட்டி விடணும்லா?"

"கத்தியை மாத்திருவோம் மதினி" என்றேன் நான். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் வீம்புக்குச் சொன்னதும் இல்லை. பெல்ட் பக்கிளுக்கு டை செய்வது என் தொழில். தகட்டை வெட்டி வடிவம் கொடுக்கிற எஃகு அச்சுதான் டை. தலைமுடி அளவு பிசகினாலும் பிரஸ்ஸில் அது காட்டிக் கொடுத்துவிடும். அந்த வேலையில் ஊறிய கை என்னுடையது. பட்டறை விடுமுறை நாட்களில் என் ஆசைக்குக் கத்தியும் செய்வேன்.

என் மனதில் அப்போது ஒரு குறிப்பிட்ட கத்தி இருந்தது. எங்கோ குளிர் நாட்டில் இருக்கிற ஒருவர் செய்தது. அவருடைய வீடியோக்களை ஃபோனில் விடாமல் பார்ப்பேன். சாதாரணக் கத்தியில் பிடியும் அலகும் ஒரே கோட்டில் இருக்கும். அவருடையதில் பிடி அலகின் முதுகுக்கு மேலே, தச்சரின் கைரம்பப் பிடிபோல எழும்பி நிற்கும். முஷ்டியாகப் பிடித்தால் போதும், மணிக்கட்டு வளையவே வேண்டாம். பிடியையும் அலகையும் இணைக்கிற கழுத்து கொக்கின் கழுத்துபோல வளைந்திருக்கும். கழுத்து, அலகு எல்லாம் ஒரே எஃகுக் கட்டியில் குடைந்தது. அழகென்றால் அப்படி ஒரு அழகு.

குடும்பத்தில் ஒருவருக்காக அதைப் பார்த்து ஒன்று செய்யலாமா என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் கழுத்து தொல்லை கொடுக்கும், எஃகு இறுக உலையில் காய்ச்சிப் பதம் போடும்போது கோணிக்கொள்ளும், நானே நிறைய உடைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

பிளைவுட்டில் ஒரு மாதிரி வெட்டி எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனேன். மதினி சமையல் மேடை முன்னால் நின்று, இல்லாத முட்டைக்கோஸை மரக்கத்தியால் வெட்டிக் காட்டினார். அப்போதே தெரிந்துவிட்டது, குளிர் நாட்டுக்காரருடைய வடிவம் அப்படியே இங்கே ஆகாது. அது இறைச்சியைத் தன் பக்கம் இழுத்து அறுக்கிறவர்களுக்கு. மதினி முன்னால் தள்ளி அழுத்துகிறவர். பிடி இன்னும் முன்னுக்கு வர வேண்டும், சாய்வு கூட வேண்டும். பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "கத்தியைப் பிடிக்க மாதிரி இறுக்கிப் பிடிங்க" என்றேன். விரல் பதிந்த அந்த மாவை அங்கேயே அளந்துகொண்டேன்.

கட்டியை மில்லிங் மெஷினில் ஏற்றிக் குடைந்து, அரத்தால் ராவி, பதம் போட கோவண்டிக்குக் கொண்டுபோனேன். எங்கள் டைகளுக்கெல்லாம் அங்கேதான் பதம் போடுவது. உலையிலிருந்து எடுத்து ஆற வைத்ததும் பட்டறைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"டேடா ஹோ கயா, பாய்."

கோணித்தான் போயிருந்தது. தடித்த கழுத்து மெதுவாக ஆறுகிறது, மெல்லிய அலகு சட்டென்று ஆறுகிறது. ஒன்றை ஒன்று இழுத்துவிட்டது. பிரஸ்ஸில் வைத்து மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன். டக்கென்று ஒரு சத்தம். கழுத்தோடு இரண்டாகிவிட்டது.

"தூஸ்ரா பனாவோகே?" என்றார். இன்னொன்று செய்வாயா என்று கேட்கிறார்.

"பனாயேங்கே. லேகின் ஐஸா நஹீ." செய்வேன், ஆனால் இந்த மாதிரி இல்லை என்றேன்.

திரும்பும் வழியில் ஹார்பர் லைன் வண்டியில் வாசலோரம் நின்றபடி யோசித்தேன். டையில் நாங்கள் தகட்டைக் குத்தி வெட்டுகிற பஞ்ச் என்ற முனையையும் அதைத் தாங்குகிற ஹோல்டரையும் ஒரே கட்டியில் குடைவதே இல்லை. பஞ்ச் தேயும், உடையும். அதனால் ஹோல்டரில் காடி என்கிற நீளப் பள்ளம் வெட்டி, பஞ்ச்சை அதில் செருகி, ‘பின்’ என்கிற சின்ன எஃகு ஆணி அடித்து இறுக்குவோம். கத்திக்கு மட்டும் ஏன் ஒரே கட்டி? அது குளிர் நாட்டுக்காரருடைய பாணி. என் தொழில் வேறு. குர்லாவில் இறங்கும்போது கத்தி முழுதாக என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது.

அலகின் முதுகை அடி விரிந்து மேல் குறுகாமல், மேல் விரிந்து அடி குறுகும்படி புறா வால் வடிவத்தில் வெட்டினேன். கழுத்தில் அதே வடிவத்தில் காடி. பக்கவாட்டில் செருகினால்தான் உள்ளே போகும், எவ்வளவு அழுத்தினாலும் இழுத்தாலும் கழன்று வராது. குறுக்கே கூம்பான ஒரு பின் பூட்டாக நிற்கும். அலகைத் தனியாக, இரண்டு தட்டையான இரும்புக்கு நடுவே வைத்து ஆற வைத்தோம். கோடு போட்டதுபோல நேராக வந்தது. பிடிக்கு ஈட்டி மரம். நாற்காலி செய்கிற ஒருவர் கழித்துப் போட்ட துண்டில் மாவின் அளவுப்படி செதுக்கினேன்.

மதினி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த இடுக்குல வெங்காயத் தோல் போயி நாறாதா?"

நான் ஒரு சிகரெட் தாளை நீட்டினேன். "இதை உள்ள விட்டுப் பாருங்க."

நாலா பக்கமும் முயன்றார். தாள் மடங்கியதே தவிர நுழையவில்லை. நகத்தாலும் நெருடிப் பார்த்துவிட்டு வெங்காயத்தை எடுத்தார். முழங்கை விலாவோடு ஒட்டி நின்றது. ஒன்று, இன்னொன்று, அப்புறம் கூடையையே பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வெங்காயத்துக்குக் கண் கலங்காதவர் என்று எங்கள் வீட்டில் சொல்வோம். அன்றைக்குச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில், "முனை நீளமா இருக்கு தம்பி. செவுத்துல போயி இடிக்கி. கொறைச்சுத் தருவியளா?" என்றார்.

அவர் மேடைக்குப் பின்னால் சுவர் ஒட்டி இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. கொண்டுபோய்க் குறைத்துத் தந்தேன்.

படத்தைக் குளிர் நாட்டுக்காரருக்கு அனுப்பினேன். பாராட்டு ஒரு வரிதான். மீதி முழுக்க அந்தக் காடியைப் பற்றிய கேள்விகள். சாய்வு எத்தனை, பின் எந்தப் பக்கம், தான் செய்யும் கத்திகளில் இதை வைக்கலாமா. வரைபடமே போட்டு அனுப்பினேன். இரண்டு பேருமே வாங்கியிருக்கிறோம், கொடுத்திருக்கிறோம். எனக்கு அதில் ஒரு நிறைவு.

காடி வைத்ததில் நான் நினைக்காத இன்னொரு லாபமும் கிடைத்தது. பிசியோதெரபி போகப்போக மதினியின் மணிக்கட்டு கொஞ்சம் இளகியது. சாய்வு குறைந்த இன்னொரு கழுத்தைச் செய்து, பின்னைத் தட்டி எடுத்து, அதே அலகை அதில் செருகிக் கொடுத்தேன்.

போன மாதம் வடாலாவில் ஒரு கல்யாண வரவேற்பு. சமையல் மதினியுடையது. பந்தலுக்குப் பின்னால் நின்று அவர் கை போகிற வேகத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளை மாதிரி நிக்கிய? அந்த மல்லியைக் கழுவி இங்க கொண்டாங்க, சீக்கிரம்!"

வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயைத் தேடிப் போனேன்.