மதினிக்குச் சொன்ன நெல்லிச்சாறு

என் மதினியின், அதாவது அண்ணன் பெண்டாட்டியின், சிறுநீரகம் ஒன்று பழுதானதற்கு நானே காரணம். இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் டாக்டருக்கு முன்னால் என்னிடம்தான் வருவார்கள். வரட்டுமே! எனக்கு விஷயம் தெரியும் என்பதால்தானே வருகிறார்கள்?

மதினிக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. அங்கே கழிப்பறை சரியில்லை என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்கமாட்டாள். நீர்க்கடுப்பு வந்தது. டாக்டரிடம் போக வெட்கம். "நெல்லிக்காய அரைச்சு, செம்பு நெறைய தண்ணி ஊத்திக் குடிங்க மதினி" என்றேன். மூன்றே நாளில் கடுப்பு போயிற்று. தெருவெல்லாம் என் புகழ்!

எங்கிருந்து பிடித்தேன் அந்த வைத்தியத்தை? கிரான்பெர்ரி என்ற வெளிநாட்டுப் பழத்தைப் பற்றிப் படித்திருந்தேன். அடிக்கடி கடுப்பு வரும் பெண்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க உதவலாம். வந்துவிட்ட தொற்றைப் போக்கும் என்பதற்குச் சரியான சான்று இல்லை. பின்பாதியை விழுங்கிவிட்டு, முன்பாதியின் பெருமையை நம்மூர் நெல்லிக்காய்க்குத் தூக்கிக் கொடுத்தேன். அன்று மதினியைக் காப்பாற்றியது வெறும் செம்புத் தண்ணீராகக்கூட இருக்கலாம்...

இரண்டாம் முறை கடுப்பு வந்தபோது மதினியின் சிறுநீரை நானே சோதித்தேன். சீழ் அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. உடனே டாக்டரிடம் போகவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது! ஆனால், சொன்னால் என் வைத்தியம் பொய்யாகிவிடுமே...

"எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டாள் மதினி.

"லேசாத்தான் இருக்கு. சாற இன்னும் பத்து நாளு குடிங்க."

"நீ சொன்னா சரிதாம்ட்டி."

ஒரு வாரத்தில் குளிர்காய்ச்சல். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. ஒன்றில் தழும்பு விழுந்துவிட்டதாம். "முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கடிந்தபோது, "நாந்தான் வெக்கப்பட்டுக் கெடந்துட்டேன்" என்று மதினி தலைகுனிந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது கடுப்பு என்று யார் வந்தாலும் முதல் நாளே டாக்டரிடம் விரட்டுகிறேன். அதையும் எனக்குத் தவறே வராததுபோல் அதட்டித்தான் சொல்கிறேன். பிறவிக் குணத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

நேற்று மதினி தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணை அழைத்து வந்தாள். "எல்லாத்தையும் இவகிட்ட சொல்லுட்டி. எங்க நாத்தனா பொய் சொல்லமாட்டா" என்று அவளிடம் சொன்னாள்.

அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசி அனுப்பினேன். மதினியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.