கோழிக்காரர் கேட்ட கேள்வி

அப்புசாமி ஊசி போட்ட கோழிகளை வரிசையாக நிறுத்தினால் ராசிபுரத்தில் ஆரம்பித்துச் சேலம் வரை நிற்கும். பண்ணை பண்ணையாகப் போய்த் தடுப்பூசி போடுவது அவர் தொழில். ஒரு ஊசியை மாட்டினால் முனை மழுங்கும்வரை அதே ஊசிதான். கோழிகள் புகார் சொன்னதில்லை.

மனித உடம்பு என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். கண்முன்னே உறையைப் பிரித்தால்தான் கை நீட்டுவார்.

"உங்க கோழிக்கு வாயிருந்தா உங்கள ஊரை விட்டே தொரத்திப்போடுமுங்க" என்பாள் மனைவி கந்தம்மாள்.

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. டாக்டர் உடனே ரத்தம் பார்க்கச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம், லேப்பில் கூட்டம். ரத்தம் எடுக்கிற பெண் ஒரு பெரியவருக்கு எடுத்த கையுறையோடு அடுத்த ஆளைத் தொட்டதை அப்புசாமி பார்த்துவிட்டார்.

"ஏனம்மிணி, கையுறை மாத்தலையா?"

கேட்டதில் தப்பில்லை. அந்தப் பெண்ணும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இப்பவே மாத்திக்கிறேனுங்கய்யா. ஊசி எல்லாருக்கும் புதுசுதானுங்க."

"பண்ணைக்காரங்ககிட்ட நானும் இதையேதான் சொல்றேன்" என்றார் அப்புசாமி. தன்னைத் தெரிந்த அளவுக்குத்தான் அவரால் பிறரை நம்ப முடிந்தது.

சுவரில் சாய்ந்திருந்த கந்தம்மாள் முனகினாள். "குத்திக்கிட்டுப் போயிரலாமுங்க. நிக்க முடியல."

"பேசாம வா புள்ள. நாளைக்குச் சூரமங்கலம் போலாம். அங்க சுத்தமா இருக்கும்."

சூரமங்கலத்து லேப் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. திரும்பும் பஸ்ஸில் அவர் தோளில் தலை வைத்தே வந்தாள். திங்கட்கிழமை காலை குளிக்கத் தண்ணீர் மொண்டவள் அங்கேயே விழுந்தாள். டெங்கு. பெரிய ஆஸ்பத்திரியில் அவளை எத்தனை முறை குத்தினார்கள், எந்த ஊசியை எங்கே பிரித்தார்கள் என்று அப்புசாமி கவனிக்கவில்லை. "ரெண்டு நாள் முன்னாடி ரத்தம் பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கந்தம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து, தை மாதம் மகள் மதுமதி அவரைச் சர்க்கரை பார்க்க அதே லேப்புக்கு இழுத்து வந்தாள். அந்தப் பெண் அவரை மறக்கவில்லை. கை கழுவினாள், புதுக் கையுறை மாட்டினாள், உறையோடு ஊசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்கய்யா, உங்க முன்னாலயே பிரிக்கிறேன்."

அப்புசாமி கையை நீட்டிவிட்டு, கந்தம்மாள் சாய்ந்திருந்த சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்தது போதும் சாமி. குத்து."